பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

முடியின் வகை பார்த்து ஷாம்பு வாங்கச் சொல்லும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது தலைத்தோலைத்தான். அங்கே சேரும் எண்ணெயையும் அழுக்கையும் கழுவுவதுதான் ஷாம்புவின் வேலை. நுனி வறட்சிக்குக் கண்டிஷனர் இருக்கிறது. முன்பக்கம் வெங்காயம், செம்பருத்தி, ஆர்கன் எண்ணெய் என்று எந்தப் படம் இருந்தாலும் பாட்டிலைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். தண்ணீருக்கு அடுத்தபடியாகச் சோடியம் லாரெத் சல்பேட் என்ற நுரைக்கும் கழுவுபொருள் இருந்தால் நுரை பொங்கும், எண்ணெய்ப் பிசுக்கு நன்றாகப் போகும். தினமும் எண்ணெய் வைப்பவர்களுக்கு அது சரி. வறண்ட தலைக்கும் சாயம் பூசிய முடிக்கும் கடுமைதான். படத்தில் பூத்த செம்பருத்தியோ பெரும்பாலும் பட்டியலின் கடைசி வரிகளில்தான், அதாவது மிகக் குறைந்த அளவில்தான் கிடக்கும்.

பொடுகுக்கான கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த ஷாம்புவை நுரையோடு 3 முதல் 5 நிமிடம் தலையில் விட்டுத்தான் அலச வேண்டும். இதை வாங்குபவரிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லையே என்பது என் ஆதங்கம்.

தள்ளுபடிக்காக ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கிவராதீர்கள். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றுக் காட்டிய ஊர் நம் கடலூர். இன்றும் பெட்டிக்கடைகளில் சரம்சரமாகத் தொங்குகிறது. இரண்டு மூன்று பாக்கெட் வாங்கித் தேய்த்துப் பாருங்கள். அரிப்போ வறட்சியோ இல்லையென்றால் பிறகு பாட்டில் வாங்கலாம்.