எல்லாப் பேனல் லைனுக்கும் கறுப்பு எதற்கு?

1/72 அளவில் ஒரு மஸ்டாங் போர்விமான பிளாஸ்டிக் மாடல். கட்டியது சுத்தம், பெயின்ட் சுத்தம், டிகால் (நனைத்து ஒட்டும் சின்னப் படம்) வரைந்தது போலப் படிந்திருக்கிறது. ஆனால் மூக்கு முதல் வால் வரை ஒவ்வொரு பேனல் லைனிலும் (தகடுகள் சேரும் கோட்டிலும்) ஒரே கனத்தில் அடர் கறுப்பு. பார்த்தால் டைல்ஸ் ஒட்டிய தரை ஞாபகம்தான் வருகிறது. அவ்வளவு உழைப்பையும் கடைசி ஒரு மணி நேர வாஷ் (கோட்டுக்குள் ஓடவிடும் நீர்த்த மை) கெடுத்துவிடுகிறது. அதுதான் என் ஆதங்கம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். கிட்டில் செதுக்கியிருக்கும் கோட்டின் அகலம் 0.15 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 1/72இல் அது நிஜ விமானத்தில் 10.8 மி.மீ. கிட்டத்தட்ட சுண்டுவிரல் அகலம். 1/48இல் 7.2 மி.மீ., 1/32இல் 4.8 மி.மீ. உண்மையில் இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் அவ்வளவு இடைவெளி விட்டு யாரும் விமானம் செய்வதில்லை. அச்சில் வார்க்க வேண்டியிருப்பதால் கோடு ஏற்கெனவே பல மடங்கு பெரிதாகத்தான் நம் கைக்கு வருகிறது. அதற்குள் கறுப்பையும் ஊற்றினால் மிகை மேல் மிகை. அளவு சிறிதாகச் சிறிதாக வாஷ் வெளுப்பாக வேண்டும். பலர் செய்வது நேர் எதிர்.

அடுத்த கேள்வி, அந்தக் கோடு நிஜத்தில் இருக்கிறதா? மஸ்டாங்கையே எடுத்துக்கொள்வோம். அதன் பி-51டி ரகத்தின் இறக்கை மேல் காற்று சீராக வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக, முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 40 சதவீத அகலம் வரை தகட்டு இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் புட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, வெள்ளி நிற பெயின்ட் அடித்துத்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்பினார்கள். உடல் பளபளக்கும் வெறும் அலுமினியம், இறக்கை பெயின்ட் அடித்த வெள்ளி. அந்தப் பகுதியில் வாஷ் போடுவது இல்லாத கோட்டைக் காட்டுவது. கிட்டில் செதுக்கியிருந்தால் ப்ரைமருக்கு (அடிப்பூச்சுக்கு) முன்பே புட்டியால் அடைத்துவிடுங்கள். துப்பாக்கி, தோட்டாப் பெட்டி மூடிகளையும் எரிபொருள் மூடியையும் மட்டும் விட்டுவையுங்கள்.

மொஸ்கிட்டோ இன்னும் தெளிவான உதாரணம். அது மர விமானம். பிளைவுட்டுக்கு நடுவே பால்சா வைத்து ஒட்டிய உடல், மேலே துணி ஒட்டி, துணியை இறுக்கும் டோப் என்ற பூச்சு பூசியது. தகடே இல்லாத உடலில் தகட்டுக் கோடு எங்கிருந்து வரும்? கதவுகள், சிறு மூடிகள், எஞ்சின் கவசம், அவ்வளவுதான் வாஷுக்கு இடம். ஹரிக்கேனின் பின்னுடலும் துணிதான். கோர்சேரில் எஃப்4யூ-4 ரகம் வரை வெளி இறக்கையின் பின்பாதி துணி. துணிக்கு அடியில் தெரியும் விலா மேடுகளுக்கு இடையே மெல்லிய நிழல் போடலாம், கோடு போடக் கூடாது.

ஆகவே கோடுகளை நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். ஐலரான், ரட்டர், எலிவேட்டர், ஃப்ளாப் போன்ற அசையும் பாகங்களைச் சுற்றி உண்மையான இடைவெளி இருக்கிறது, உள்ளே வெளிச்சம் போகாது. அங்கே கறுப்புக்கு அருகில் போகலாம். எஞ்சின் கவசம், துப்பாக்கி மூடி, சக்கரக் கதவு மாதிரி அடிக்கடி திறந்து மூடும் இடங்களில் எண்ணெயும் அழுக்கும் சேரும். அங்கே அடர் பழுப்பு. நிலையாக ரிவெட் அடித்த தகடுகளுக்கு, அடியில் இருக்கும் பெயின்டைவிட இரண்டு படி கருத்த அதே நிறம் போதும். ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) பச்சை–பழுப்புக்கு அடர் பழுப்பு. 1955க்குப் பிறகு சில பத்தாண்டுகள் அமெரிக்கக் கடற்படை விமானங்களின் கீழ்ப்பக்கம் வெள்ளையாக இருந்தது, அங்கே வெளிர் சாம்பல் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். 1944இல் வந்த பளபளக்கும் கடல்நீலத்தில் கறுப்பு வாஷ் கண்ணுக்கே தெரியாது. அங்கே பெயின்டைவிட வெளிர்ந்த நீலச்சாம்பல்தான் கோட்டைக் காட்டும்.

இனி கைவேலை. அடி பெயின்ட் அக்ரிலிக் அல்லது லாக்கர் என்றால் எனாமல் வாஷ் போடலாம். அடியிலேயே எனாமல் என்றால் வாஷின் தின்னர் அதையும் கரைத்து இழுக்கும். நடுவில் அக்ரிலிக் க்ளாஸ் (பளபளப்பு வார்னிஷ்) ஒரு கோட் முழுதாக மூடியிருக்க வேண்டும், அல்லது தண்ணீரில் கரையும் களிமண் வாஷுக்குப் போய்விடுங்கள். எப்படியிருந்தாலும் க்ளாஸ் வார்னிஷ் முக்கியம். டாமியா எக்ஸ்-22 மாதிரி ஒன்றை இரண்டு மூன்று மெல்லிய கோட்டாக அடித்து, குறைந்தது 24 மணி நேரம், ஈரக்காற்று நாளென்றால் 48 மணி நேரம் விடுங்கள். மேட் (பளபளப்பில்லாத) பரப்பில் நேராக வாஷ் போட்டால் நுண்ணிய சொரசொரப்பில் மை ஊறி, தண்ணீர் காய்ந்த தரைபோல விளிம்பு விளிம்பாகக் கறை நிற்கும். எவ்வளவு துடைத்தாலும் முழுதாகப் போகாது. டிகாலை இந்த க்ளாஸ் மேல் ஒட்டி, அதன் மேல் இன்னொரு க்ளாஸ் கோட். இல்லாவிட்டால் டிகாலின் ஓரத்திலேயே வாஷ் பிடித்து அழுக்குச் சட்டம் போட்டுவிடும்.

பாட்டிலில் வரும் டாமியா பேனல் லைன் மையை நன்றாகக் குலுக்குங்கள், நிறமி அடியில் தங்கியிருக்கும். ஆயில் கலரில் நீங்களே கலப்பதென்றால் ட்யூபிலிருந்து பிதுக்கியதை அரை மணி நேரம் அட்டை மேல் வைத்து எண்ணெயை உறிஞ்சவிட்டு, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு மணமற்ற ஒயிட் ஸ்பிரிட். நுனிக் கூரான பிரஷால் இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலையைத் தொட்டால் போதும், மை தானே ஓடும். கோடு முழுக்க வரையாதீர்கள். ஓடாமல் நின்றால் கோடு பெயின்டால் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு மருந்து இப்போது இல்லை, ப்ரைமருக்கு முன்பே ஸ்க்ரைபரை (கோடு கீறும் கருவியை) அழுத்தாமல் மூன்று நான்கு முறை இழுத்து ஆழப்படுத்தியிருக்க வேண்டும்.

பதினைந்து முதல் முப்பது நிமிடம் கழித்துத் துடையுங்கள். வெக்கையில் பத்து நிமிடமே போதும். பஞ்சுக் குச்சியைத் தின்னரில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் பயன்படுத்துங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் கோட்டுக்குள் இருப்பதும் வந்துவிடும். இறக்கையில் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு, உடலில் மூக்கிலிருந்து வாலுக்கு. காற்று போகும் திசை அது, மிச்சம் நிற்கும் மெல்லிய படலம் அழுக்கு வழிந்த தடமாகவே தெரியும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில், குறிப்பாக இறுக்கமாகப் பொருத்திய இணைப்புகளில், எனாமல் தின்னர் தேங்கினால் விரிசல் விடும். ஏபிஎஸ் பாகங்கள் சட்டென்று உடையும். சக்கரக் குழியின் உள்ளே, கதவுக் கீல்களில், பெயின்ட் பிடிக்காமல் விட்ட மூலைகளில் மை குளமாக நிற்கவிடாதீர்கள்.

கடைசியில் அடிக்கும் மேட் கோட் வாஷின் அடர்த்தியைச் சற்று மங்கவைக்கும். அதைப் பார்த்துப் பதறி மறுபடி மை ஊற்ற வேண்டாம். மேட் காய்ந்தபின், ஐலரானும் ஃப்ளாப்பும் மட்டும் வெளுத்துத் தெரிந்தால், 0.3 மி.மீ. பென்சிலை அந்த இடைவெளியில் ஒருமுறை ஓட்டி, விரலால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.