மணலாறும் டோவரும் ஒன்றல்ல

லண்டனில் உள்ள எங்கள் தமிழ் ஆட்கள் சிலர், குடியேற்றத்தை எதிர்க்கும் நைஜல் ஃபராஜின் ரிஃபோர்ம் கட்சிப் பக்கம் சாய்கிறார்கள் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். ‘குடியேற்றத்தால் ஊர் எப்படிப் பறிபோகும் என்று மணலாற்றில் பார்த்தோமே’ என்று அவர்கள் சொல்லும் காரணம் முல்லைத்தீவுக்காரனான என்னைக் கொதிக்க வைத்தது.

1984இல் மணலாற்றுப் பக்கத்துத் தமிழ் ஊர்களான கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ச் சனத்தை எழும்பிப் போகச் சொன்னது இராணுவம். பிறகு சிங்கள ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது அரசாங்கம். சிறு படகில் இங்கிலாந்தின் டோவர் கரையில் வந்து இறங்குகிற அகதியிடம் என்ன படை இருக்கிறது? அவனுக்கு ஒப்பானவர்கள், 1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த சனம்தான். காடு வெட்டினார்கள், எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றார்கள். அவர்களையும் ‘தோட்டக்காட்டான்’ என்றுதான் ஊர் சொன்னது. அவர்களின் பிள்ளைகள் பலருக்கு இன்னும் காணிக்குப் பெர்மிற் கிடைக்கவில்லை, வாய்க்கால் தண்ணீரும் அவர்கள் வளவு வரை போவதில்லை.

லண்டனில் வாடகை ஏறிவிட்டது, டொக்டரைப் பார்க்க நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் உண்மை. சரி, அதை 2010க்குப் பிறகு உள்ளூராட்சிச் சபைகளின் நிதியை வெட்டியவர்களிடம் அல்லவா கேட்க வேண்டும்? 2024 ஆகஸ்டில் ரொதர்ஹாமுக்குப் பக்கத்தில் அகதிகள் தங்கியிருந்த ஹொட்டலுக்குத் தீ வைக்கப் போன கும்பலைப் பார்த்தபோது, 1983இல் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வாக்காளர் இடாப்போடு வந்தவர்கள்தான் என் கண்ணுக்குள் வந்தார்கள்.

காலவரையற்ற வதிவிட உரிமையையே ஒழிப்போம் என்று 2025இல் ரிஃபோர்ம் கட்சி அறிவித்தது. உங்கள் சொந்தத்தில் எத்தனை பேர் அந்த உரிமையோடு இருக்கிறார்கள் என்று வாக்குப் போட முதல் எண்ணிப் பாருங்கள்.