வார்த்தையை மாற்றினால் திருட்டு இல்லையா?

ராமநாதபுரம் கடலோர மாணவர்களிடம் ஒரு பேச்சு சுற்றுகிறது: ‘நூலில் உள்ளதைச் சொற்களை மாற்றிக் கட்டுரையில் எழுதினால் போதும், எங்கிருந்து எடுத்தோம் என்ற மூலம் குறிப்பிட வேண்டாம்.’ தவறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, பிறர் கருத்தைத் தனதாகக் காட்டுவதும் திருட்டே.

பிழை பெரும்பாலும் குறிப்பேட்டில்தான் தொடங்குகிறது. தனுஷ்கோடிப் புயல் பற்றிய நூல் வரியை அப்படியே எழுதிவிட்டு மேற்கோள் குறியை மறந்தால், 3 மாதம் கழித்து அது உங்கள் வரியாகவே தோன்றும். ஆகவே முதலில் ஆசிரியர், நூல், ஆண்டு, பக்க எண். சுருக்கம் என்றால் புத்தகத்தை மூடிவிட்டு எழுதி, பிறகு திறந்து ஒப்பிடுங்கள். சொந்த எண்ணம் வேறு மையில்.

புயல் 1964 டிசம்பரில் அடித்தது என்பது பொதுத் தகவல், மூலம் தேவையில்லை. இறந்தோர் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும். அதற்கு மூலம் கட்டாயம் வேண்டும். பாம்பன் மீனவர் சொன்னதற்கும் ஊர், பேட்டி நாள் எழுதுங்கள்; அவர் அறிவும் மூலம்தான்.