முதலில் கேபினெட்டைத் திறந்து பாருங்கள், அப்புறம் கார்டு தேடலாம்

"இந்த பட்ஜெட்டுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் உடனே நாலு பேர் நாலு மாடல் எண்ணைச் சொல்வார்கள். உன்னிடம் என்ன மதர்போர்டு, எந்த எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரன்ட் தரும் பவர் சப்ளை) என்று திருப்பிக் கேட்பவர் அபூர்வம். லட்ச ரூபாய்க்குக் கார்டு வாங்குபவர் மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப வாங்கிவிடுவார். கையைக் கடிக்காமல் வாங்க நினைப்பவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய பிசி இருக்கும். எந்தக் கார்டு என்பதை அந்த பிசிதான் முடிவு செய்ய வேண்டும்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைப் பாருங்கள். 2022 ஜனவரியில் 199 டாலருக்கு வந்தது. மெமரி 4 ஜிபி, மதர்போர்டோடு பேசும் பிசிஐஇ இணைப்பில் நாலே நாலு லேன் (தரவு போகும் பாதை). பிசிஐஇ 4.0 உள்ள புது போர்டில் ஓரளவு சமாளிக்கும். ஆனால் இன்டெல் பத்தாம் தலைமுறை வரையிலான பிசிக்களும், ஏஎம்டியின் ஏ320, பி450 போர்டுகளும் 3.0தான். அங்கே ஒவ்வொரு லேனின் வேகமும் பாதி. 4 ஜிபி நிரம்பியதும் கார்டு பிசியின் ராமுக்குப் போய்வர வேண்டும், போகிற வழியோ குறுகல், கேம் திக்கித் திக்கி ஓடும். விலை குறைந்த கார்டு யாருக்குத் தேவையோ அவர்களுடைய போர்டில்தான் அது மோசமாக ஓடுகிறது! போதாததற்கு அதில் வீடியோ என்கோடரும் கிடையாது. விளையாடுவதை ரெக்கார்டு செய்தால் அந்தச் சுமையும் சிபியு தலையில்தான்.

இன்டெல் ஆர்க் பி580 கதையும் கிட்டத்தட்ட இதுதான். 2024 டிசம்பரில் 249 டாலர், 12 ஜிபி மெமரி. எல்லோரும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டிய கார்டுதான். ஆனால் போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரேயடியாக அணுக விடுவது) வசதி இருந்தே ஆக வேண்டும். ரைசன் 5 2600 மாதிரி பழைய சிபியுவோடு போட்டால், வேகமான சிபியுவில் எடுத்த பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) எண்கள் வீட்டில் வரவே வராது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பழைய ஆபீஸ் பிசி, அதாவது நாலாம் அல்லது ஆறாம் தலைமுறை ஐ5 போட்ட டெல், எச்பி வகையறாவை வாங்கி அதை கேமிங் பிசி ஆக்குவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது. அவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் கார்டுக்கென்று தனி பவர் கேபிளே இருக்காது. ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடுகிற கார்டுதான் அங்கே சரிப்படும். 70 வாட்டில் ஓடும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இதற்குப் பொருத்தம். ஒல்லியான கேபினெட் என்றால் அதிலேயே லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்த) மாடல்.

ஆனால் அதே 3050 பெயரில்தான் தில்லுமுல்லும் இருக்கிறது. 2022இல் வந்த 8 ஜிபி 3050இல் 2560 கோர் (கணக்குப் போடும் அலகு), 128 பிட் பஸ் (மெமரிக்கான பாதை). 2024இல் வந்த 6 ஜிபியில் 2304 கோர், 96 பிட். இரண்டும் வேறு வேறு கார்டுகள், பெட்டியில் மட்டும் ஒரே பெயர். ஜிடி 1030 இன்னும் மோசம்: டிடிஆர்4 மெமரி போட்டதன் பேண்ட்வித் (மெமரி தரவு தரும் வேகம்) ஜிடிடிஆர்5 போட்டதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான், அது நொடிக்கு 48 ஜிபி என்றால் இது சுமார் 17. மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் வாங்கும் ஆர்எக்ஸ் 580 2048எஸ்பியும் அசல் 580 இல்லை. அசலில் 2304 ஷேடர் (ஏஎம்டி கார்டின் கோர்), இதில் பெயரில் உள்ளபடி 2048தான். இதெல்லாம் கம்பெனிகளே தெரிந்து செய்வது என்பதுதான் எரிச்சல்.

சரி, தனி பவர் கேபிள் உள்ள சாதாரண பிசி, 1080பி மானிட்டர் என்றால்? என் ஓட்டு இன்றும் ஆர்எக்ஸ் 6600க்குத்தான். 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். எட்டு லேன் இருப்பதால் பழைய போர்டிலும் பெரிதாக அடி வாங்காது. கூடக் கொஞ்சம் பணம் இருந்தால் ஆர்எக்ஸ் 7600 பார்க்கலாம். 4 ஜிபி கார்டைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்குவதை இனி நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் சிபியுவுக்கும் கார்டுக்கும் சேர்த்து 216 வாட்தான். அப்படி இருந்தால் கார்டு பட்ஜெட்டில் கொஞ்சம் குறைத்து முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? தாராளமாக. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கார்டுகளை ஓட்டி கிரிப்டோ காசு ஈட்டுவது) நின்றதும் சந்தைக்கு வந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. ஃபேன் சத்தமும் சூடும் எப்படி என்று ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ஷேடர் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். "ஓட்டிக் காட்டுறதெல்லாம் முடியாது தம்பி" என்று சொல்கிற கடையில் பேரம்கூடப் பேச வேண்டாம், அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.