அளவு நோட்டும் புளூடூத்தும்

என் அம்மா திண்டுக்கல்லில் வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். முப்பது வருடத் தொழில். இப்போது போன் வேறு ஓயாமல் அடிக்கும். "பிளவுஸ் ரெடியாக்கா?", "கை நீளம் ஒரு இன்ச் கூட்டிடுங்க", "நாளைக்கு முகூர்த்தம், இன்னைக்கே வேணும்." இரண்டு கையும் துணியில் இருப்பதால் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேதான் தைப்பார். பொங்கலுக்குப் போயிருந்தபோது கழுத்தைத் திருப்ப முடியாமல் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சென்னைக்குத் திரும்பியதும் கழுத்தில் மாட்டுகிற, வயர் இல்லாமல் புளூடூத்தில் போனோடு சேருகிற நெக்பேண்ட் ஹெட்செட் ஒன்றை வாங்கி, என் போனில் இணைத்து, நன்றாகக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பி வைத்தேன். அம்மா வீட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒரு மொபைல் கடையில் அம்மாவின் போனோடு இணைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரே நிமிட வேலை.

சித்திரையில் மறுபடி போனேன். ஹெட்செட் மெஷின் டிராயரில் பாபின்களோடு கிடந்தது. "அது பேசவே மாட்டேங்குது பாப்பா. பாட்டு மட்டும் பாடுது. இப்ப நீ வந்ததும் ஆன் பண்ணிப் பாத்தா உன் போனுக்குப் போயிருது" என்றார் அம்மா.

மூன்று மாதம் அதைத் தொடவே இல்லை. சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று என்னிடம் சொல்லவும் இல்லை.

அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதில் பாதி என் மேலேயே. வாங்கிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். வயதானவர்களுக்கு இதெல்லாம் வராது என்று நாமே சொல்லியும் கொள்கிறோம். ஆறு அளவை வைத்துக்கொண்டு பிரின்சஸ் கட், கட்டோரி மாதிரி பிளவுஸ் வகைகளைக் காகிதம் இல்லாமல் நேராகத் துணியில் வரைந்து வெட்டுகிறவருக்கு ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்கத் தெரியாதா? அவருக்குப் புரியாமல் போனதற்குக் காரணம் வேறு.

அம்மாவின் போன் தமிழில் இருக்கிறது. அமைப்புகளுக்குள் போனால் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று இருக்கும். அதற்குள் 'புதிய சாதனத்தை இணை'. ஹெட்செட் பெயரைத் தொட்டால் 'இணை'. எல்லாம் முடிந்த பிறகும் சில நேரம் 'இணைக்கப்படவில்லை'. இணைத்த பிறகு எப்படி இணைக்கப்படாமல் இருக்கும் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் பேரிங் என்பது ஒரு வேலை, கனெக்ட் என்பது வேறு வேலை. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டோம். குழப்பத்தின் வேர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நான் எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். முதல் தடவை போனும் ஹெட்செட்டும் ஒரு ரகசியச் சாவியைப் பேசி வைத்துக்கொள்ளும், அதை இரண்டும் தங்களுக்குள் சேமித்துவிடும், அதற்குப் பிறகு ஹெட்செட்டை ஆன் செய்தால் சாவியைச் சரிபார்த்துத் தானே ஒட்டிக்கொள்ளும். அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அளவு நோட்டு மாதிரி சொல்லு. ஒரு தடவ அளவெடுத்து எழுதி வச்சிட்டா, அடுத்த தடவ துணிய மட்டும் கொண்டாந்தாப் போதும்."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பேரிங் என்றால் அளவு எடுப்பது. கனெக்ட் என்றால் துணியோடு வருவது. அதை வைத்துக்கொண்டே மிச்சம் எல்லாவற்றையும் பேசி முடித்தோம்.

ஹெட்செட் ஏன் என் போனுக்கு ஓடியது? அதன் நோட்டில் முதல் பக்கத்தில் என் அளவு இருந்தது. என் புளூடூத் ஆனில் இருந்தால் பழைய வாடிக்கையாளரைப் பார்த்ததும் அங்கே போய்விடும். என் போனில் அந்தப் பெயரைத் தொட்டு நீக்கினேன், தீர்ந்தது. இப்படி போன், ஹெட்செட் இரண்டில் ஒன்றில் மட்டும் நீக்கியிருந்தாலும் அந்த ஹெட்செட் மறுபடி என்னோடு சேராது. ஒரு நோட்டில் பக்கம் கிழிந்துவிட்டால் அளவைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். 'இணைக்க முடியவில்லை' என்று திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் இதுதான் சங்கதி. போனில் அந்தப் பெயரை நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பாட்டு வந்து பேச்சு வராததற்குக் காரணம் இன்னும் சின்னது. ஹெட்செட் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டால் அழைப்புக்கு ஒரு சுவிட்ச், மீடியாவுக்கு ஒரு சுவிட்ச் என்று தனித்தனியாக இருக்கும். அழைப்பு சுவிட்ச் எப்படியோ அணைந்திருந்தது. புளூடூத்தில் பாட்டுக்கும் பேச்சுக்கும் தனித்தனி ஏற்பாடு. பாட்டு ஒரு வழிப் பயணம், பேச்சுக்குப் போகவும் வரவும் பாதை வேண்டும். அதனால்தான் பாட்டு தெளிவாகக் கேட்கிற அதே ஹெட்செட்டில் அழைப்பு வந்ததும் குரல் கொஞ்சம் அமுங்கிக் கேட்கிறது. ஹெட்செட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம் அம்மாவையே செய்ய வைத்தேன். ஹெட்செட்டை அணைத்துவிட்டு, நடு பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தார். விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னியது. இந்த ஹெட்செட்டில் அதுதான் அளவு எடுக்கத் தயார் என்பதற்கு அடையாளம், மற்றவற்றில் நிறம் மாறலாம். சும்மா ஆன் செய்து வைத்தால் புதிய போனின் பட்டியலில் அது தெரியாது, பலர் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான். பட்டியலில் பக்கத்து வீட்டு டிவி பெயரும் வந்தது. சரியானதைத் தொட்டார். முடிந்தது. உடனே நீக்கச் சொன்னேன். மறுபடி முதலிலிருந்து செய்தார். மூன்றாவது தடவை நான் எழுந்து காபி போடப் போய்விட்டேன், அவராகவே முடித்திருந்தார். ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருந்த ஹெட்செட் பெயரைப் போனிலேயே 'அம்மா கழுத்து' என்று மாற்றி வைத்தோம். மூன்று பட்டனில் எது நடுவில் இருக்கிறது என்று பார்க்காமலே தெரிய, அதற்குப் பக்கத்தில் சிவப்பு நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார். இந்த யோசனை எனக்குத் தோன்றியே இருக்காது.

ஒரே ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. போனை இரும்பு பீரோவுக்குள் வைத்து மூடினால் பேச்சு விட்டு விட்டு வந்தது. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகிறது. இரும்பு அதை மறிக்கும், தண்ணீர் உறிஞ்சும், நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே. திறந்த இடத்தில் பத்து மீட்டர் வரை தாராளமாக எட்டுகிற ஹெட்செட்கூட பீரோவிடம் தோற்றுவிடும். இப்போது போன் கட்டிங் மேஜை மேல் இருக்கிறது.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு 10-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத் என்ற அரசரின் பெயரை வைத்தார்கள். பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் என்பதால். 1998-இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா என்ற ஐந்து நிறுவனங்கள் கூடி இதைப் பொதுவாக்கின. ஒரு காலத்தில் பேரிங் செய்ய 0000 என்று எண் அடிக்க வேண்டியிருந்தது. 2007-இல் வந்த புளூடூத் 2.1 பதிப்பு பெரும்பாலும் அந்த வேலையையும் குறைத்துவிட்டது. இவ்வளவு யோசித்தவர்கள் செய்த ஹெட்செட், அம்மாவின் காதில் "பேரிங்", "கனெக்டட்", "பேட்டரி லோ" என்று இன்றைக்கும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறது. பெட்டிக்குள் இருந்த தாளில் நான்கைந்து மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. திண்டுக்கல் கடையில் விற்கிற சாமானுக்கு அரைப் பக்கம் தமிழில் அச்சடிக்க என்ன பெரிய செலவு ஆகிவிடும்? இதை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். நீங்களும் வாங்கும்போது கடையில் கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது பெற்றோரின் போனைப் பிடுங்கி நீங்களே செய்து கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர்கள் கையில் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நீக்கிவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆகும்.

போன்களுக்குத் தமிழாக்கம் செய்கிறவர்கள் என் நட்பில் சிலர் இருக்கிறீர்கள். பேரிங், கனெக்ட் இரண்டுக்கும் வேறு வேறு சொல் வேண்டும். 'ஜோடி சேர்' என்று ஒன்று தோன்றுகிறது, உங்களுக்கு வேறு தோன்றினால் எழுதுங்கள். எங்கள் வீட்டில் 'அளவு எடுக்கிறது' என்றுதான் சொல்கிறோம்.