9 பின் கேபிள் எல்லாம் ஒன்றில்லை

"சீரியல் கேபிளில் என்ன பெரிய வித்தியாசம், 9 பின் இருந்தால் எதையும் வாங்கி மாட்டலாம்" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். மாட்டலாம்தான் நண்பரே, டேட்டா வரணுமே! பழைய கம்ப்யூட்டரை மோடம், பிரிண்டர் மாதிரி சாதனங்களோடு இணைக்கிற 9 பின் சீரியல் போர்ட்டில் (இதைத்தான் ஆர்எஸ்-232 என்பார்கள்) 2ஆம் பின் டேட்டாவை வாங்கும், 3ஆம் பின் அனுப்பும். மோடம் பக்கம் இதற்கு எதிர்மாறாக அமைத்திருப்பதால் அங்கே 2க்கு 2, 3க்கு 3 என்று போகும் நேர் கேபிள் போதும், ஆனால் இரண்டு கம்ப்யூட்டரை அதே கேபிளில் கோத்தால் இரண்டும் ஒரே கம்பியில் பேசி இன்னொரு கம்பியில் காத்துக்கொண்டிருக்கும், அதனால் 2-3 மாற்றிப்போட்ட கிராஸ் கேபிள், அதாவது 'நல் மோடம்' (null modem) கேபிள்தான் வேண்டும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் இருக்கிற மாதிரி எடை இண்டிகேட்டர் (எடையைக் காட்டும் பெட்டி), பழைய பில் பிரிண்டர் எல்லாவற்றிலும் பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் பின் படத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கையில் இருப்பது எந்தக் கேபிள் என்று தெரியவில்லையா, மல்டிமீட்டரை பீப்பில் (கம்பித் தொடர்பு இருந்தால் கத்தும் நிலையில்) வைத்து கேபிளின் இரண்டு முனையிலும் தொடுங்கள்: 2க்கு 2 கத்தினால் நேர், 2க்கு 3 கத்தினால் கிராஸ். சில சாதனங்களுக்கு 7ஆம், 8ஆம் பின் கம்பிகளும் வேண்டும், அதையும் பாருங்கள்.

அப்புறம், மலிவாகக் கிடைக்கிறதே என்று யூஎஸ்பி டிடிஎல் கேபிளை (சின்ன சர்க்யூட் போர்டுகளுக்கான குறைந்த வோல்ட் கேபிள்) ஆர்எஸ்-232 போர்ட்டில் கொடுக்காதீர்கள். அது 3.3 அல்லது 5 வோல்ட் சமாச்சாரம், இதில் பிளஸ், மைனஸ் 12 வோல்ட் வரை சாதாரணமாக வரும், சிப் போய்விடும். திரையில் கிறுக்கலாக எழுத்து வந்தால் மட்டும் கேபிளை விட்டுவிட்டு முதலில் இரண்டு பக்கமும் பாட் ரேட் (டேட்டா போகும் வேகம்) ஒன்றா என்று பாருங்கள்.