காயத்துக்குள் சீரம் போட்டார்களா என்று கேளுங்கள்

தெருநாய் விவகாரத்தில் நம் நட்பு வட்டமே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது. நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது. ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு சுற்றுச் சண்டை, ஒரு சுற்று பிளாக்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இத்தனை சண்டையிலும், கடிபட்டவர் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று பேசுபவர்கள் மிகக் குறைவு. ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. அதற்கு முன்பே முறையாகச் சிகிச்சை எடுத்தால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்த நோய் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் நீங்கள் எந்தத் தரப்பாக இருந்தாலும் இதைப் படித்து வையுங்கள்.

முதலில் கழுவுவது. ரேபிஸ் கிருமிக்கு வெளியே கொழுப்பாலான உறை உண்டு. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும், கிருமி செத்துப்போகும். துணி சோப்பானாலும் குளியல் சோப்பானாலும் சரி. குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் காயத்தைக் காட்டி, நுரை போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் 2 நிமிடமே 15 நிமிடமாகத் தெரியும். பல் பதிந்த இடம் வெளியே சின்னப் புள்ளியாக இருக்கும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். அந்தத் துளையின் வாயை லேசாக விரித்துத் தண்ணீர் உள்ளே இறங்கும்படி விட வேண்டும். குழாய் இல்லையென்றால் ஒருவர் சொம்பால் ஊற்றிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கழுவலாம். பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. பிறகு பெட்டாடின் இருந்தால் ஊற்றுங்கள். சில மணி நேரம் கழித்து மருத்துவமனைக்கு வந்தாலும் அங்கேயும் ஒரு முறை கழுவ வேண்டும். "இனிமேல் கழுவி என்ன பயன்" என்று விடக்கூடாது.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை கிருமியைக் கொல்லாது, புண்ணை எரிச்சலாக்கி, அடைத்து, கழுவவும் மருந்து போடவும் விடாமல் செய்யும். இறுக்கிக் கட்டும் வேண்டாம். தையலும் அவசரப்பட்டுப் போடக்கூடாது. தைத்தே ஆக வேண்டிய கிழிசல் என்றால் முதலில் சீரம் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்), அதன் பிறகு தளர்வாக ஒன்றிரண்டு தையல்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். கடியை மருத்துவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். காயமே இல்லாத தோலை நாய் நக்கியது, தொட்டது என்றால் முதல் வகை, கழுவினால் போதும். ரத்தம் வராத சின்னக் கீறல், தோலை மெல்லக் கவ்வியது இரண்டாம் வகை, தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்த கடி, ரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே இருந்த புண்ணை நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது எல்லாம் மூன்றாம் வகை. ஒரே ஒரு துளி ரத்தம் வந்தாலும் மூன்றாம் வகைதான். இதற்குத் தடுப்பூசியோடு சீரமும் வேண்டும்.

சீரம் எதற்கு? கையில் போடும் தடுப்பூசி நம் உடம்பையே எதிர்ப்புப் பொருள் தயாரிக்க வைக்கிறது. அதற்கு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கும் கிருமி நரம்பு முனையைத் தேடிக்கொண்டிருக்கும். நரம்புக்குள் புகுந்துவிட்டால் மூளைக்கு வழி கிடைத்துவிட்டது. சீரம் என்பது வெளியே தயாராக்கிய எதிர்ப்புப் பொருள். அதைக் காயத்தைச் சுற்றியும் காயத்துக்குள்ளேயும் ஊசியால் இறக்கி, கிருமியை அங்கேயே முடக்குகிறார்கள். குதிரையிலிருந்து எடுத்த சீரம் என்றால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 யூனிட், மனித சீரம் என்றால் 20 யூனிட். குதிரைச் சீரம் பெரும்பாலும் 1 மி.லி.யில் 300 யூனிட் இருக்கும். ஆக 60 கிலோ ஆளுக்கு 8 மி.லி. வரை, 15 கிலோ குழந்தைக்கு 2 மி.லி. வரை. குழந்தைக்குப் பல இடத்தில் கடி என்றால் அந்த 2 மி.லி. போதாது, சலைன் கலந்து அளவைக் கூட்டி எல்லாக் காயத்துக்கும் போடுவார்கள். ஒரு காயத்தைக்கூட விடக்கூடாது. விரல் நுனியில் போடும்போது வலிக்கும், குழந்தை கத்தும். அதைப் பார்த்து "போதும் டாக்டர்" என்று தடுத்துவிடாதீர்கள். இப்போது சீரத்துக்குப் பதிலாக, ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்புப் பொருளான மோனோகுளோனல் மருந்தும் இருக்கிறது, அதையும் காயத்தில்தான் போட வேண்டும்.

பல பேர் கையில் மட்டும் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சிறிய மையங்களில் சீரம் இருப்பு இல்லாமல் போகலாம், கூட்டத்தில் விட்டுப்போகலாம். அப்படி ஆகியிருந்தால் முதல் தடுப்பூசி போட்டதிலிருந்து 7 நாளுக்குள் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்ச் சீரம் போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் தேவையில்லை, உடம்பே தயாரிக்கத் தொடங்கியிருக்கும். இன்னொரு குழப்பம் டி.டி. ஊசி. பக்கத்துக் கிளினிக்கில் டி.டி. போட்டுவிட்டு "நாய்க்கடிக்கு ஊசி போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. டி.டி. என்பது டெட்டனஸ் என்ற வேறு நோய்க்கு. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2025 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தில் தடுப்பூசி போட்ட பிறகும் குழந்தைகள் ரேபிஸால் இறந்த செய்தி வந்ததும், "ஊசியே பயனில்லை" என்று வாட்ஸப்பில் பரப்பினார்கள். அது ஆபத்தான பேச்சு. முகம், தலை, கழுத்து, விரல்கள் ஆகியவற்றில் நரம்பு முனைகள் அடர்த்தி. முகத்திலிருந்து மூளைக்குத் தூரமும் குறைவு. குழந்தையின் உயரத்துக்கு நாய் பாய்ந்தால் வாய் போவது முகத்துக்குத்தான். அப்படிப்பட்ட கடியில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், கழுவுவதும் சீரமும் இன்னும் முக்கியம். ஊசியை விட்டுவிடுவதற்கு அது காரணமே இல்லை.

தடுப்பூசிக் கணக்கு. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறை: 0.1 மி.லி. வீதம் இரண்டு மேற்கையிலும், 0, 3, 7, 28ஆம் நாட்களில். முதல் ஊசி போட்ட நாள்தான் 0. திங்கட்கிழமை போட்டால் அடுத்தது வியாழன், பிறகு அடுத்த திங்கள், கடைசி ஊசி முதல் ஊசியிலிருந்து சரியாக நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். போட்டவுடன் அந்த இடம் கொசு கடித்த தடிப்பு மாதிரி புடைத்து எழ வேண்டும். புடைக்கவில்லை என்றால் மருந்து ஆழமாக இறங்கிவிட்டது, பக்கத்தில் மறுபடி போட வேண்டும். தனியார் மருத்துவமனையில் தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து. இது புஜத்தில், சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில். இடுப்புக்குக் கீழே பின்பக்கத்தில் போடவே கூடாது, அங்கே கொழுப்பு அதிகம், மருந்து சரியாகப் பிடிக்காது. ஓரிரு நாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் பெரியவர்களுக்குப் போகவில்லை. அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் ஒரு காலத்தில் அதைத் தயாரித்தார்கள். 2004 இறுதியோடு இந்தியாவில் அது நின்றுவிட்டது. அதோடு ஒட்டிவந்த பத்தியமும் தேவையில்லை. கறி, முட்டை, மீன் சாப்பிடலாம், தலைக்குக் குளிக்கலாம். கடிபட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது, இப்போதுதான் தெரிந்தது என்றாலும் உடனே போய் ஊசி தொடங்குங்கள். நோய் வெளிப்படப் பொதுவாக 2, 3 மாதம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல்.

வீட்டு நாய் என்றால் நமக்குக் கை நடுங்குவதில்லை, அங்கேதான் பிசகு. தெருவில் கிடந்த குட்டியைப் பாவம் என்று தூக்கிவந்து குழந்தைகள் கையில் கொடுக்கிறோம். நாய்க்குட்டிக்கு ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்தான் போடுகிறோம், அதற்கு முன் போட்டால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள் ஊசியின் வேலையைக் குறைத்துவிடலாம். அந்த மூன்று மாதம் வரை குட்டி பாதுகாப்பில்லாமல்தான் இருக்கிறது. பல் முளைக்கும் வயதில் எல்லாவற்றையும் கடிக்கும், நகம் கீறும். குட்டிதானே என்று விடாதீர்கள். பூனைக்கும் இதே கணக்கு. வளர்ந்த நாய்க்கு வருடம் தவறாமல் போட வேண்டும், புத்தகத்தில் தேதியும் மருத்துவர் முத்திரையும் இருக்க வேண்டும். ஊசி போட்ட நாய் கடித்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். நாயின் எச்சிலில் கிருமி வருவது அதற்கு நோய் தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பிலிருந்துதான். தெரிந்த பிறகு சில நாட்களில் அது இறந்துவிடும். கடித்த நாயோ பூனையோ 10 நாள் கழித்தும் நலமாக இருந்தால் கடித்த அன்று எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம், மீதி ஊசியைப் பற்றி மருத்துவர் முடிவு செய்யலாம். ஆனால் ஊசியை அன்றே தொடங்க வேண்டும், 10 நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருப்பது தவறு. வெறி நாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்றுதான் நினைக்கிறோம். ஊமை வகையும் உண்டு. இருட்டு மூலையில் படுத்திருக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்காது, குரல் மாறும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கை விடுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அந்த நிலையில் கை வைக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

அடைக்க வேண்டுமா விட வேண்டுமா என்பதில் என் கருத்தைக் கேட்டால், ஊசியை முதலில் பேசுங்கள் என்பேன். கருத்தடை ஒரு முறை செய்தால் போதும். தடுப்பூசியை வருடா வருடம் போட வேண்டும். கருத்தடைக்கு அடையாளமாகக் காது நுனி வெட்டிய நாயைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். அதற்கு ஊசி போட்டு மூன்று வருடம் ஆகியிருக்கலாம். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்கு எதிர்ப்பு சக்தி இருந்தால் நோய்ப் பரவல் அறுந்துபோகும். கோவாவில் வீடு வீடாக, தெருத் தெருவாக வலையோடு போய் ஊசி போட்டார்கள். 2021ல் அந்த மாநிலம் ரேபிஸ் கட்டுக்குள் வந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் "எத்தனை நாய் பிடித்தீர்கள்" என்று கேட்பதோடு "இந்த வருடம் எத்தனை நாய்க்கு ஊசி போட்டீர்கள்" என்றும் கேளுங்கள்.

தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் நண்பர்கள், கால்நடை மருத்துவ மாணவர்கள், நாய் பிடிக்கும் மாநகராட்சி ஊழியர்கள் ஆகியோர் கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறது: 0, 7, பிறகு 21 அல்லது 28ஆம் நாள். சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எப்போதாவது கடிபட்டால் 0, 3 என்று இரண்டே நாள் ஊசி போதும், சீரம் தேவைப்படாது.